எல்ஸியிடம் சொன்னது

அன்பானவருக்கு,

பங்கோர் தீவுக்கு மறுபடி வந்திருக்கிறேன். போன வருடம் நான் காது சோதித்த எல்ஸியின் மகளுக்கு இப்போது பதினாறு மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. அன்று குழந்தை விடாமல் அழுததால் கருவி எந்த முடிவையும் காட்டவில்லை. கடைசி ஃபெரி போய்விடுமே என்ற அவசரத்தில் "நன்றாகக் கேட்கிறது" என்று எழுதிவிட்டேன்.

நான் கிளம்பும்போது, "வாயத் திறக்காத, வேல போயிரும்லா" என்றீர்கள். திறக்கக் கூடாது என்றுதான் வந்தேன்.

"நான்தான் புள்ளகிட்ட சரியா பேசலையா மிஸி?" என்று நர்ஸான என்னிடமே எல்ஸி கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

குழந்தையை என் மடியிலிருந்து வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு ஈப்போ டாக்டர்கிட்ட நீங்களும் வரணும். இதையே அங்கயும் சொல்லணும்" என்றாள்.

வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வரத் தாமதமாகும்.

உங்கள் மனைவி