டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை

ஊரப்பாக்கம்
12-5-1993

தையல்நாயகியின் அப்பாவுக்கு சாமுண்டீஸ்வரி எழுதுவது.

இங்கே நானும் பிள்ளையும் சுகம். மஸ்கட்டில் உங்கள் இருமல் நின்றதா? குளிர்ந்த தண்ணீரைத் தொடாதீர்கள் என்று எழுதினால் எங்கே கேட்கப்போகிறீர்கள்.

உங்கள் மகள் எட்டாவதில் முதலாவதாகத் தேறிவிட்டாள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வைக்கும் திறமைத் தேர்வை ஒன்பதாவதில் எழுதவேண்டும். அதில் தேறினால் பன்னிரண்டாவது வரை வருஷா வருஷம் உதவித்தொகை. "அது கிடைத்தால் மேலே படி, கிடைக்காவிட்டால் ஒன்பதாவதோடு போதும்" என்று நீங்கள் அவள் பேருக்குத் தனியாக எழுதினீர்களே, அதை மனப்பாடமாகச் சொல்கிறாள். நிலத்தை விற்று விசா வாங்கிய கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு அப்படி எழுதியிருக்க வேண்டாம்.

இப்போதே தயார் செய்கிறோம். பாதிக் கேள்வி பாடத்திலேயே கிடையாது. கண்ணாடியில் கடிகாரம் ஏழேமுக்கால் காட்டினால் உண்மையில் மணி என்ன, இப்படி. நீங்கள் சவரம் செய்யும் கண்ணாடியை நான் பிடித்துக்கொள்ள, அவள் பார்த்துச் சொல்கிறாள். நாலேகால் என்று அவளுக்கு முன்னால் நான் ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவளுக்கு வந்ததே கோபம்! அதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. குழைந்தால் என்ன, முகத்தைச் சுளிக்க நீங்களா இருக்கிறீர்கள்?

நீங்கள் சொன்னபடி தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டேன், கிடைத்துவிட்டது. உங்கள் அறையில் இருக்கும் அந்தோணிசாமி அண்ணன் சொன்னது மெய்தான், அங்கே ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கென்று சாயங்காலம் தனி வகுப்பு வைக்கிறார்கள்.

ஆனால் நம்மூர்ப் பள்ளியில் டி.சி. கேட்டபோது வேதசிரோமணி சார் தடுத்தார். இந்தப் பரீட்சையைப் பற்றி முதன்முதலில் நமக்குச் சொன்னவரே அவர்தான். "எழுதி முடிக்கிற வரைக்கும் இங்கியே இருக்கட்டும்மா. கிராமத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கிறவங்களுக்குத்தான் அது. தாம்பரம் முனிசிபாலிட்டி" என்றார். டி.சி. வாங்காமல் வந்துவிட்டேன். என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சாமுண்டீஸ்வரி


ஊரப்பாக்கம்
18-10-1993

தையல்நாயகியின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம்.

ஜூனில் உங்கள் பதிலைப் பார்த்துத்தான் டி.சி. வாங்கினேன். "நம் வீடு ஊரப்பாக்கம், ரேஷன் கார்டு ஊரப்பாக்கம், ஓட்டு ஊரப்பாக்கம். நாம் கிராமத்தார் இல்லாமல் வேறு யார்? முதல் மார்க் வாங்குகிற பிள்ளையை விட வாத்தியாருக்கு மனசு வருமா? அவர் பள்ளிக்குப் பேர் தேடுகிறார்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சார் கையெழுத்துப் போட்டுத் தந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தீர்களா, மனுஷருக்கு எவ்வளவு கோபம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் தாம்பரம் பள்ளி ஆபீசில் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பம் கேட்டேன். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது டவுன் ஸ்கூல்மா, இங்க படிக்கிற பசங்களுக்கு அது கிடையாது" என்றார். ரேஷன் கார்டை நீட்டினேன். வீடு எங்கே என்று பார்க்கமாட்டார்களாம், பள்ளிக்கூடம் எங்கே என்றுதான் பார்ப்பார்களாம். அந்தச் சாயங்கால வகுப்பும் வேறு ஏதோ பரீட்சைக்காம், பத்தாவது படிக்கிறவர்களுக்கு.

நேராக வேதசிரோமணி சார் வீட்டுக்குப் போய் நின்றேன். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. உட்காரச் சொன்னார். "பேரெல்லாம் அனுப்பியாச்சும்மா. இனிமே திரும்பிச் சேர்த்தாலும் எழுத முடியாது" என்றார். நம் தெரு குப்பன் மகள் சரசு எழுதப்போகிறாள். அவளுக்குக் கண்ணாடிக் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததே நம் பெண்தான்.

தையலிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சாயங்காலமானால் கண்ணாடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்காருகிறாள். நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் டக் டக்கென்று சரியாகச் சொல்கிறாள்.

உங்களை ஒன்று கேட்கிறேன். உதவித்தொகை வந்தாலும் வராவிட்டாலும் நீ படி என்று அவள் பேருக்கு ஒரு வரி எழுதுங்கள். அது வந்த பிறகு பரீட்சை இல்லையென்று சொல்லிக்கொள்கிறேன். வெறுங்கையோடு போய் எப்படிச் சொல்வது?

இப்படிக்கு,
சாமுண்டீஸ்வரி


ஊரப்பாக்கம்
29-11-1993

தையல்நாயகியின் அப்பாவுக்கு,

பதில் இல்லை. மழையில் தபால் தாமதமாகிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்தோணிசாமி அண்ணன் தம் வீட்டுக்கு எழுதியதில் நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று இருந்ததாம். அப்படியானால் என் கடிதம் கிடைத்துவிட்டது.

தையல்நாயகி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். தினமும் சீருடை போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு ரயிலேறுவாள். போவது பள்ளிக்கூடத்துக்கு அல்ல. பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் வேலை செய்யும் துணி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அவளோடு போயிருக்கிறாள், வயதைக் கூட்டிச் சொல்லி. தைத்து வருகிற சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. கட்டை விரலில் கத்தரிக்கோல் பட்டுப் பட்டுக் கொப்புளம் வெடித்திருந்தது. அதைப் பார்த்துக் கேட்டபோதுதான் சொன்னாள்.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. பரீட்சை கிடையாது என்று அவளுக்கு ஆகஸ்டிலேயே தெரியுமாம், டீச்சர் சொல்லிவிட்டாராம். ஏண்டி என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீ ஆசையா கண்ணாடிய புடிச்சிகினு உக்காந்துருப்ப. எப்பிடிம்மா சொல்றது?" என்றாள். இவ்வளவு நாள் நான் அவளை ஏமாற்றுகிறேன் என்று நினைத்து மனசுக்குள் அழுதுகொண்டிருந்தேன். அவள் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கெஞ்சிப் பார்த்தேன். வேதசிரோமணி சாரை அழைத்து வந்தேன், நாம் அவர் பேச்சைக் கேட்காததையெல்லாம் மறந்து அவரும் மழையில் நனைந்துகொண்டு வந்தார். புத்தகமெல்லாம் நான் தருகிறேன், பத்தாவதாவது முடி என்றார். "அப்பா தெளிவா எழுதிட்டாரு சார். கெடச்சா படி, இல்லேன்னா போதும்னு. கெடைக்கல" என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி போட எழுந்து போனாள். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

தாம்பரம் பள்ளியில் பெரிய டீச்சரைப் பார்த்தேன். அரையாண்டுப் பரீட்சை எழுத வந்துவிட்டால் சேர்த்துக்கொள்கிறேன், வராவிட்டால் பேரை எடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிசம்பர் நடுவில் பரீட்சை.

என் பேச்சு அவளிடம் எடுபடவில்லை. உங்கள் பேச்சுக்குத்தான் அவள் கட்டுப்பட்டு நிற்கிறாள். நீங்கள் போட்ட நிபந்தனையை நீங்களேதான் எடுக்கவேண்டும். டி.சி. விஷயத்தில் உங்களை நான் குறை சொல்லவில்லை. நல்லது நினைத்துத்தான் செய்தோம். அவளும் உங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் தபால்காரர் மணி கேட்டால் தெருமுனைக்கு ஓடுவாள். இப்போது நான் வாங்கி வந்து வைத்தாலும் யார் கடிதம் என்று கேட்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். தப்பு யார்மேல் என்றெல்லாம் எழுத வேண்டாம். கடிதம் வருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும், அதனால் தந்தி அடியுங்கள். "படி" என்று ஒரு வார்த்தை போதும். என் பேருக்கு வேண்டாம், அவள் பேருக்கு அடியுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அப்பா வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சாமுண்டீஸ்வரி