துவைத்த சட்டை

என்னங்க,

ஆய்வகத்தில் இப்போது ஏலச்செடியின் வேரடி மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு மூக்கு கிடையாது. உடம்பின் ஒரு முனையில், வேதிப்பொருளை உணரும் புரதங்கள் ஆயிரக்கணக்கில் தேனடை போல ஒட்டி நிற்கின்றன. ஒன்றில் பட்டது பக்கத்தில் இருப்பவற்றுக்கும் தெரிந்துவிடும். உடனே வால் சுழலும் விதம் மாறும், போகும் திசையும் மாறும்.

ஆனால் ஒரே அளவில் நீடிக்கும் எதற்கும் அவை சீக்கிரம் பழகிவிடும். கூடினாலோ குறைந்தாலோதான் மறுபடி விழித்துக்கொள்ளும்.

நீங்கள் மலைக்குப் போனதிலிருந்து ஆணியில் தொங்கிய சட்டையை நேற்று ஒரு கோபத்தில் துவைத்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகை ஏறிய சட்டை. இத்தனை நாளும் அந்த வாசனையை யாரும் கண்டுகொண்டதில்லை. காய்ந்ததும் அதே ஆணியில் மாட்டினேன்.

சாயங்காலம் பாப்பா அதன் பக்கத்தில் போய் நின்று, "இது அப்பா சட்டை இல்லம்மா" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் உங்கள் தம்பி சோலி முடிந்து வந்தார். வாசலிலேயே நின்று, "மதினி, வீடு என்னமோ மாதிரி இருக்கே" என்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்போதும் ஸ்டோரிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் ஜீப்பு ஏறுவீர்கள். கடைசியாக வந்தபோது மட்டும் மாற்றாமல் வந்தீர்கள். அந்தப் புகை நாற்றத்துக்காக அன்று நான் பேசியது உங்களுக்கு மறந்திருக்காது.

இந்த முறையும் மாற்ற வேண்டாம்.

பாப்பாவின் அம்மா