தொட்டிக்குள் சரிந்த ஹவ்ரானெக்

கார்லோவி வாரி

அன்புள்ள அம்மாவுக்கு யார்மிலா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே நான் வேலை பார்க்கும் குளியல் விடுதியில் நேற்று ஒரு சின்னச் சம்பவம். ஊற்றுநீரைக் குடித்தும் அதில் குளித்தும் சிகிச்சை பெற வந்திருக்கும் பெரியவர் ஹவ்ரானெக், நான் துண்டு எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஊற்றுநீர்த் தொட்டிக்குள் மயங்கிச் சரிந்துவிட்டார். பாய்ந்து தலையைத் தூக்கினேன்.

இருமி முடித்ததும், "ஏம்மா, இந்தத் தண்ணிய வாயாலதானே குடிக்கச் சொன்னாங்க? நான் மூக்காலயும் குடிச்சிட்டேன்!" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இன்று குளிக்க வந்த ஓர் அம்மாள், "எதுக்குடி என்னையே முறைச்சுப் பாக்குற?" என்று கோபித்துக்கொண்டார். கண்ணை எடுக்க முடியவில்லை, அம்மா.

அடுத்தவர் வந்துவிட்டார், போகிறேன். தனியாக இருக்கிறீர்கள், குளிக்கும்போது கதவைத் தாழிடாதீர்கள். குளித்து முடித்ததும் எனக்கு ஒரு ஃபோன் செய்யுங்கள். தினமும்.

உங்கள் யார்மிலா