மழை விடவில்லை, காய்ச்சல் விட்டது

என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "வாத்தியாரம்மா" என்றே கூப்பிட்டுக் கேலி செய்த என் அண்ணிக்கு,

நேற்று மதியம் அண்ணன் அந்தச் சொல்லைச் சொன்னார். அதை உங்களுக்குத் தெரிவிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் பிடிக்காது. "இரு இரு, முதல்லேருந்து ஒழுங்கா சொல்லு" என்பீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு அண்ணன் ஒரு சொல்லைப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். எங்களுக்கு அது பிடிபடவே வெகுநாள் ஆயிற்று. மழை ஓய்ந்தால் ஸ்ரீரங்கமே "மழை விட்டுடுச்சு" என்று சொல்லும். அவர் மட்டும் "நின்னுடுச்சு" என்பார். ஸ்கூல் விட்டுடுச்சா என்று என்னைக் கேட்க மாட்டார், "முடிஞ்சிடுச்சா?" என்பார். எனக்குத் தலைவலி என்றால் மறுநாள் போன் செய்து "தேவலையா?" என்பார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிற எனக்கு இது தட்டுப்படவில்லை. உங்கள் மகள் ஆர்த்திதான் ஒரு நாள், "அத்தை, அப்பா 'விட்டுடுச்சு'ன்னு சொல்றதே இல்ல, கவனிச்சீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தாலே எனக்குப் பதறும்.

அவர் கடைசியாக அதைச் சொன்னது உங்களுக்காக. உங்கள் பித்தவெடிப்பு வழியாக என்ன கிருமி போனதோ, கால் சிவந்து வீங்கிக் கொதித்தது. "இதெல்லாம் ஒரு வியாதியா?" என்று மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு நடமாடினீர்கள். அப்புறம் காய்ச்சல் அனலாக அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக அண்ணன் ஆட்டோவைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து உங்கள் நெற்றியைத் தொட்டார். சில்லென்று இருந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "காய்ச்சல் விட்டுடுச்சுப்பா, நீ போயிட்டு வா" என்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். நீங்களும் "தூக்கம் வருதுங்க, கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றீர்களாம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தன் வாய்தான் உங்களைக் கொன்றது என்று அண்ணன் நம்பினார். யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நம்பினார்.

இப்போது ஆர்த்தி கதைக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், பிள்ளை நன்றாக இருக்கிறாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவளுக்கு வேலை. ஆபீஸ் பாத்ரூம் சரியில்லை என்று சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்க மாட்டாள். பிடிவாதத்தில் உங்களை உரித்து வைத்திருக்கிறாள். இந்த ஐப்பசியில் நீர்க்கடுப்பு வந்தது. இளநீர், மோர் என்று சமாளித்தாள். பிறகு குளிர் காய்ச்சல், இடுப்பில் வலி. சனிக்கிழமை தெருவில் உள்ள டாக்டரிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் வீட்டில் வந்து படுத்தாள்.

ஞாயிறு காலையில் நான் கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஆர்த்தி போர்வைக்குள் கிடந்தாள். நெற்றியைத் தொட்டேன், அனல் இல்லை. "அப்பாடா, காய்ச்சல்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் குந்தி, போர்வைக்குள் கையை விட்டு அவள் பாதங்களைப் பிடித்துப் பார்த்தார்.

"மல்லிகா, கால் ரெண்டும் ஐஸா இருக்கு. மூச்சைப் பாரு, ஓடி வந்த மாதிரி வாங்குது."

"மாத்திரை போட்டிருக்கால்ல அண்ணே, வேர்த்து இறங்கியிருக்கும்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஆர்த்தி, இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டார். அவள் கண்ணைத் திறக்காமலே, "ஸ்கூல் பஸ் போயிடுச்சாப்பா?" என்றாள். படித்து முடித்து வேலைக்குப் போகிற பெண், அண்ணி! நான் அவள் பேரைச் சொல்லி உலுக்கிக்கொண்டே இருந்தேன். அண்ணன்தான் செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடி ஆட்டோவைக் கூட்டி வந்தார். காவிரிப் பாலம் முழுக்க அவள் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "காய்ச்சல் நின்னுடுச்சும்மா, அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அண்ணன். அந்தப் பெண் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். உடனே ஆர்த்தியின் கையைப் பிடித்துப் பார்த்து, "பிரஷர் பாருங்க, சீக்கிரம்" என்று நர்ஸிடம் கத்தினாள்.

ஆர்த்திக்கு மருந்தும் டிரிப்ஸும் ஏறத் தொடங்கிய பிறகு அந்த டாக்டர் வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க பொண்ணுக்கு சிறுநீர்ல வந்த மாதிரி சில கிருமிங்களுக்கு மேல்தோல்லயே விஷம் இருக்குங்கய்யா. அது ரத்தத்துல கலந்ததும் நம்ம வெள்ளை அணுங்க கூச்சல் போட்டு உடம்பையே எழுப்பிவிடும். அந்தக் கூச்சல்தான் காய்ச்சல். ஒரு இடத்துல மட்டும் நடந்தா வீங்கும், சிவக்கும், ஆறிடும். உடம்பு முழுக்க ஒரே நேரத்துல நடந்தா ரத்தக்குழாயெல்லாம் தளர்ந்து கசிய ஆரம்பிச்சிடும். பிரஷர் இறங்கும், கை கால் சில்லிடும். தொடுறவங்களுக்குக் காய்ச்சல் இறங்கின மாதிரியே இருக்கும்."

இதே பாடத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்பது போல இருந்தது.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்ப எங்க வீட்டம்மாவுக்கும் இதானா?" உங்கள் கால், மஞ்சள், ஆட்டோ, எல்லாவற்றையும் சொன்னார். தன் வாயால் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் சொல்லாமல், "நல்லாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் பாக்கல, அதனால உறுதியா சொல்ல முடியாது. இருந்திருக்கலாம். அந்தச் சில்லுங்கறது எங்களையே ஏமாத்தும்யா. இன்னைக்கு உங்க பொண்ணை நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உங்கள் காரியத்தன்றுகூட அழாத மனுஷன். நானும் அழுதேன். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது அண்ணி, என்ன சொல்வது.

ஒன்று கேட்கட்டுமா? தூக்கம் வருது என்று சொன்னீர்களே, அப்போது உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா? பயமாக இருந்ததா? இல்லை, காய்ச்சல் போன நிம்மதியில்தான் கண்ணை மூடினீர்களா?

உங்கள் உடம்பு உங்களைக் கைவிட்டது என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ரெண்டு பேர் சாப்பிட வந்தால் பத்துப் பேருக்குச் சமைக்கிறவர் நீங்கள். எதையும் அளவாகச் செய்து பழக்கமே இல்லை. உங்கள் உடம்பும் உங்களைக் காப்பாற்றக் கிளம்பி அளவு மீறிவிட்டது போலிருக்கிறது. எனக்கு இதில் ஏனோ கொஞ்சம் ஆறுதல்.

நேற்று ஆர்த்தியை வார்டுக்கு மாற்றினார்கள். மதியம் நான் கொண்டுபோன ரசம் சாதத்தைப் பார்த்து, "தயிர் எங்கே அத்தை?" என்று சண்டைக்கு வந்தாள். அண்ணன் அவள் நெற்றியைத் தொட்டார். உள்ளங்கையைத் தொட்டார். கால்மாட்டுக்குப் போய்ப் பாதங்களைப் பிடித்தார். கிழமை கேட்டார்.

"வியாழக்கிழமைப்பா! எத்தனை தடவை கேப்பீங்க?"

அவர் பாதங்களைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, யாருக்கோ சொல்வது போல, "விட்டுடுச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது அண்ணே, மழையா?" என்று உளறினேன். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மழை எங்கடி விட்டுச்சு? காய்ச்சல். புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு."

இந்த வருஷம் அந்தப் பாடம் வரும்போது பிள்ளைகளிடம் சொல்வேன் அண்ணி: வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டால் நெற்றியோடு நிற்காதீர்கள், கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள், நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். இது புத்தகத்தில் இல்லையே மிஸ், யார் சொன்னது என்று கேட்டால், எங்கள் அண்ணி என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்,
வாத்தியாரம்மா