முத்திரை இல்லாத பை

இன்று காலை உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஸ்டேப்ளர் ஊசி தேடித்தான். ஊசி அகப்படவில்லை, ஊதா மையின் வாசம்தான் முதலில் வந்தது. அடியில் அந்தப் பழைய ரப்பர் முத்திரை கிடந்தது. நீ அதை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டாய் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்த மைத்திண்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு தாளில் குத்திப் பார்த்தேன். வெறும் கட்டம் மட்டும் விழுந்தது. உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. எல்லாவற்றையும் நீ பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறாய். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. வருமான வரிப் படிவம் நிரப்பும் பருவம் மறுபடி வந்துவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து திரும்பும் சந்தில், சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், நாம் சேர்ந்து வரிக் கணக்குப் பார்த்த அதே இரண்டு மேசைகள். ஆசிரியர்களும் தாதியரும் லாரி ஓட்டுநர்களும் பிஸ்கட் டின்னில் ரசீதுகளைத் திணித்துக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வருகிறார்கள். நோன்பு பிடித்துக்கொண்டே அவர்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுப்பாயே, அந்தத் தேநீரைப் பலர் இன்னமும் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பதம் வரவில்லை.

சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வரும் என்று கணினி காட்டியதும், நீ திரையை அவர்கள் பக்கம் திருப்புவாய். “அண்ணே, இது கவர்மெண்டு உங்களுக்குத் திருப்பித் தர்ற காசு. வீடு இல்லாம, வேன்லயும் கடை வாசல்லயும் படுத்து எழுந்து ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க இருக்குதுங்க. இதுல ஒரு பையும் நாலு நோட்டும் வாங்கலாமா? இதுக்கு வரிக்கழிவு கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன்.”

மேசைக்கடியில் உன் காலை மிதிப்பேன். வரிக்கழிவு இல்லை என்பதை யாராவது முதலிலேயே சொல்வார்களா? நீ காலை நகர்த்திக்கொள்வாயே தவிர, பேச்சை மாற்ற மாட்டாய். முடியாது என்றவருக்கும் அதே தேநீர், அதே சிரிப்பு. இன்னொரு முறை கேட்டுப் பாரேன் என்று நான் நச்சரித்தால் ஒரே பதில்தான்: “ஒரு தடவதான் லா கேக்கணும். ரெண்டாவது தடவ கேட்டா அது வசூல்.”

அந்த முத்திரை என் யோசனை. வாழ்நாளெல்லாம் வரிக் கோப்புகளோடு குப்பை கொட்டியவள் நான். முத்திரை குத்தாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. கொடுத்தவர்களுக்கு ஓர் அத்தாட்சி வேண்டாமா என்று நினைத்தேன். ‘வீடற்ற மாணவர்களுக்கு வரி செலுத்துவோரின் அன்பளிப்பு’ என்று தமிழிலும் மலாயிலும் செய்யக் கொடுத்தேன். நீ உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பாலிக் புலாவ் போயிருந்த இரண்டு நாளில் பை, நோட்டு அட்டை, பென்சில் பெட்டி என்று ஒன்று விடாமல் குத்தித் தள்ளினேன். ரூலரைக்கூட விடவில்லை. நீ திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் கொடுத்தும் முடித்துவிட்டேன். பெருமை வேறு எனக்கு.

பள்ளி திறந்த மூன்றாம் நாள், கீழ்க் கடையில் தட்டு கழுவும் அந்தப் பெண் ஈரக் கையோடு மேலே வந்தாள். வாடகை அறையை இழந்து, ஒன்பது வயது மகளோடு யாரோ இரவல் கொடுத்த வேனில் குடியிருந்தவள். பையை என் மேசையில் வைத்தாள். முத்திரை இருந்த இடம் கறுப்பு மார்க்கரால் அழுத்தி அழுத்தித் தேய்க்கப்பட்டிருந்தது. நோட்டுகளுக்கு அட்டையே இல்லை.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. புள்ள ஸ்கூல் போக மாட்டேங்குது. பக்கத்துல உக்கார்ற புள்ள அட்டைய சத்தமா வாசிச்சிருச்சாம். வேன்ல இருக்கோம்னு அவ யாருகிட்டயும் சொன்னதே இல்ல. இனிமே போகவே மாட்டேன்னு அழுவுறா.”

அவள் இறங்கிப் போன பிறகும் நான் விடவில்லை. நல்லதுதானே செய்தேன் என்று உன்னிடம் வாதாடினேன். நீ எழுந்து போய், வரிக் கோப்புகள் இருந்த இரும்பு அலமாரியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாய். பூட்டியிருந்தது.

“சாவி எங்க?”

“என் கழுத்துல.”

“கீழ்க் கடை முதலாளி வருமானம் உனக்குத் தெரியும். அவர் பொண்டாட்டி வந்து கேட்டாலும் வாயத் திறக்க மாட்ட. இந்தப் புள்ளைக்கு வீடு இல்லங்கிறத மட்டும் ஸ்கூலுக்கே அச்சடிச்சுக் குடுத்திருக்க.”

அவ்வளவுதான் சொன்னாய். என் மேசையிலிருந்த முத்திரையை எடுத்துக்கொண்டு போனாய். அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

மறுநாள் அறையைப் பூட்டிவிட்டு அந்தப் பிள்ளையையும் அம்மாவையும் எழுதுபொருள் கடைக்கு அழைத்துப் போனோம். பிள்ளை என் முகத்தையே பார்க்கவில்லை. “நீயே எடு” என்றாய் நீ. மினுமினுக்கும் இளஞ்சிவப்புப் பை ஒன்றை எடுத்தாள், தடவினாள், திருப்பி மாட்டினாள். கடைசியில் அடர்நீலத்தில் சாதாரணமான ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். “எங்க கிளாஸ்ல நெறைய பேரு இதான் வெச்சிருக்காங்க” என்றாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கும் புதிதாக மாற்றிக் கொடுத்தோம். என் பணத்தில்தான் என்றேன், பாதியை நீ கொடுப்பதாகச் சண்டை போட்டாய். அன்றிலிருந்து பிள்ளைகளே கடைக்கு வந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன வாரம் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒருவர் வந்தார். சொந்தமாக லாரிகள் வைத்திருப்பவர், நம்மைவிட வயதில் இளையவர். நீ செய்ததுபோலவே திரையைத் திருப்பிக் கேட்டேன். இந்த வருடப் பட்டியலில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். பையில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டும், பிள்ளைகளோடு ஒரு படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டியல் நீளமானது. வேண்டாம் என்றால் சில பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். அது தெரிந்தேதான் சொன்னேன்.

“பேரும் வேணாம், படமும் வேணாம் தம்பி.”

“அப்ப நான் குடுத்தது யாருக்கு அக்கா தெரியும்?”

“எனக்குத் தெரியும். உங்க வருமானமும் எனக்கு மட்டும்தான் தெரியும்.”

யோசிக்கிறேன் என்று எழுந்து போனார். நான் பின்னால் கூப்பிடவில்லை. நாலு நாள் தூக்கம் சரியில்லை, ஆனாலும் போன் போடவில்லை.

இன்று மத்தியானம் அவரே வந்தார். “எங்கம்மாகிட்ட சொன்னேன் அக்கா. எஸ்டேட்ல இனாமாக் குடுத்த சட்டைய போட்டுக்கிட்டு, கூடப் படிச்சவன் சிரிச்சான்னு நீ அழுதது மறந்துபோச்சான்னு ஏசிட்டாங்க.” பேரும் படமும் கேட்காமல் பாதிப் பிள்ளைகளுக்கான பணத்தைக் கொடுத்தார். மீதியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். பரவாயில்லை, மிச்சப் பிள்ளைகளுக்கு மற்றவர்களிடம் கேட்பேன், ஆளுக்கு ஒரு தடவை.

“ஃபைல்ல வெச்சுக்க ஏதாச்சும் குடுங்க லா” என்றார்.

“கடை பில்லு வந்துரும் தம்பி. இது எங்க ஆபீஸ் சாப்” என்று ஒரு தாளில் உன் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள ஒண்ணுமே இல்லையே அக்கா.”

“ஆமா. அப்படித்தான் இருக்கணும்.”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாலையில் முத்திரையை இரும்பு அலமாரியில் கோப்புகளோடு வைத்துப் பூட்டிவிட்டு இறங்கினேன். கடை வாசலில், அன்று அடர்நீலப் பை எடுத்த அந்தப் பிள்ளை தோழிகளோடு போய்க்கொண்டிருந்தாள். இப்போது இடைநிலைப் பள்ளி, அடுக்குமாடியில் வாடகை வீடு, என்னைவிட உயரம். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தோழி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டே கடந்து போனாள். நானும் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாவியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, அவள் சந்து திரும்பும்வரை நின்றேன்.