எழுபது விநாடி

அக்டோபர் 6, 1953, செவ்வாய்

எரிச்சலில் எழுதுகிறேன். மூன்று மாதமாக நான் எடிட் செய்துகொண்டிருக்கும் படத்தில், இருப்பதிலேயே நல்ல ஷாட்டை வெட்டி எடுத்துவிட வேண்டுமாம். கேட்பது தயாரிப்பாளர் அல்ல. அதில் நடித்த லிலியான் ஒப்ரே!

விதவை ஒருத்தி வாசலில் வந்த கடிதத்தைப் பிரிக்கிறாள். வசனம் இல்லை. எழுபது விநாடி. முகம் வெளிறிப்போவது கறுப்பு வெள்ளையிலும் தெரிகிறது. பதினெட்டு வருடத் தொழிலில் இப்படி ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை.

இயக்குநர் ஃபெர்னானிடம் காரணம் கேட்டேன். சிரித்தான். "வயசு தெரியுதாம் ஓடெத். கண்ணுக்குக் கீழ பை தொங்குதாம்."

நாற்பத்திரண்டு வயதில் பின்னே என்ன தெரியும்?

அக்டோபர் 7

எடுக்க மாட்டேன். வரட்டும் அவள்.

அக்டோபர் 8

வந்தாள். நனைந்த மழைக்கோட்டு, மேக்கப் இல்லை. உட்காரக்கூடச் சொல்லவில்லை நான்.

"உங்க கண்ணுக்கடிப் பைக்காக நான் படத்தைக் கெடுக்க மாட்டேன் மேடம்."

"பையா? யார் சொன்னது?"

"ஃபெர்னான்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். குரல் உயரவே இல்லை.

"ஒத்திகையில அந்த உறைக்குள்ள வெறும் தாள்தான் இருந்துச்சு. டேக்ல பிரிச்சா, தந்தி. நிஜத் தந்தி. அம்மா சாகக் கிடக்காங்க, உடனே வான்னு எங்க ஊர் ப்ரெஸ்ட்லேருந்து என் தங்கச்சி அடிச்சது. காலையில ஒன்பது மணிக்கே ஸ்டூடியோவுக்கு வந்திருக்கு. ஃபெர்னான் அதைச் சட்டைப்பையில வச்சிருந்தார். கேமரா ஓடும்போது என் கையில கிடைச்சப்ப மணி நாலு."

"அம்மா...?"

"ராத்திரி பத்து வரைக்கும் என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். நான் போய் இறங்கினது மறுநாள் காலையில. பத்து மணி ரயிலைப் பிடிச்சிருந்தா பார்த்திருப்பேன்."

"தயாரிப்பாளர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அதையே போஸ்டர்ல போடுவாங்க."

அவர் போனதும், வெட்டிப்போட்ட துண்டுகள் கிடக்கும் கூடையைக் கவிழ்த்தேன். அந்த ஷாட்டின் வால், கடைசியில் நான் நறுக்கிய துண்டு, கிடைத்தது. ஓட்டினேன். லிலியான் நிமிர்கிறார். கேமராவுக்கு அப்பால் பார்க்கிறார். "ஃபெர்னான், இது எப்ப வந்தது?" என்கிறார்.

ஜூலையிலேயே இதைக் கேட்டவள் நான். கேட்டு, வெட்டி, சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'நடிகையின் கவனம் கலைந்தது.' என் கையெழுத்து.

சீ.

அக்டோபர் 9

ஃபெர்னானின் அறைக்கே போனேன். மறுக்கக்கூட இல்லை, பாவி.

"அவளால ஜென்மத்துக்கும் நடிச்சுக் கொண்டுவர முடியாது அதை. நான் வாங்கிக் குடுத்தேன்."

"திருடின."

"நீதானே பார்த்துட்டு அழுத? அப்ப கேட்டியா, எப்படி எடுத்தேன்னு?"

கேட்கவில்லை. அதுதான் அறுக்கிறது. இவனோடு பதினோரு வருடம், ஏழு படம். இன்னும் எத்தனை முகங்களை இப்படி ஒட்டிக் கொடுத்தேன்? யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டேனா?

கிளம்பும்போது சொன்னான்: "திங்கட்கிழமை ஷாட் அதே இடத்துல இருக்கணும். இல்லேன்னா நீ இருக்க மாட்டே."

அக்டோபர் 10, சனி

எடுத்துவிட்டேன்.

பிரதியை மட்டும் எடுத்தால் நெகட்டிவிலிருந்து புதிது போட்டுக்கொள்வான். லேபுக்குப் போய் எடிட்டர் என்று கையெழுத்துப் போட்டு நெகட்டிவையும் வாங்கினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும், அந்த வாலையும் சேர்த்து, தகர டப்பாவில் வைத்து லிலியானின் வீட்டில் கொடுத்தேன். அவர் திறந்து பார்க்கவில்லை. "காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார். சமையலறையில் நின்றபடியே குடித்தோம்.

அக்டோபர் 12

என் கத்தரி, கையுறை, கோட்டு எல்லாம் ஸ்டூடியோ வாயிற்காவலரிடம் ஒரு பெட்டியில் இருந்தன. உள்ளே விடவில்லை.

ஜனவரி 20, 1954

படம் வெளியாகிவிட்டது. கடிதம் வரும் இடம் மொட்டையாக நிற்கிறதாம், எடிட்டிங் படுமோசமாம். பத்திரிகை எழுதுகிறது. டைட்டிலில் என் பெயர் இல்லை. திட்டு வேறொருவருக்கு விழுந்திருக்கிறது, பாவம். ஃபெர்னானைப் பற்றி மட்டும் நல்ல வார்த்தை. 'நடிகைகளின் மனதைத் திறக்கத் தெரிந்தவர்.'

பேப்பரைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மார்ச் 12, வெள்ளி

இப்போது செய்திப்பட வேலை. காலை முழுவதும் வெள்ளம், மதியம் சைக்கிள் பந்தயம்.

மூன்று மணிக்குத் தொலைபேசி. தெரியாத குரல், சின்னப் பெண். பெயர் மாரிவோன். திங்கட்கிழமை முதல் ஃபெர்னானின் புதுப் படத்தில் கதாநாயகியாம்.

"லிலியான் மேடம்தான் உங்க நம்பர் குடுத்தாங்க. அவர்கிட்ட வேலை செய்யறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னாங்க. தொந்தரவு இல்லையே?"

மேசையில் ஓடிக்கொண்டிருந்த பந்தயச் சுருளை நிறுத்தினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இல்லைம்மா. கேளுங்க."