கழுவிய சுவர்

இன்று காலை யன்னலைத் திறந்தபோது வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையிலிருந்து குளோரின் தூளின் நெடி வந்தது. அதற்கு அடியில் நனைந்து புளித்த அரிசி மாவின் வாடையும் இருந்தது. மாவின் வாடை உண்மையாகவே வந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் இப்போது இடியப்பம் பிழிபவர் எவருமில்லை. ஆனாலும் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன், தங்கச்சி. உங்களுக்கு எழுத எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி இத்தனை நாளும் என்னைத் தடுத்தது.

மூன்று நாள் மழை. கடல் பொங்கி நின்றால் நமது வடிகான் துறைமுகத்துக்குள் இறங்காமல் ஒழுங்கைக்கே திரும்பி வரும். நீங்கள் இருந்த காலத்தில் வந்ததுபோலவே இப்போதும் வருகிறது. நேற்றுத்தான் வடிந்தது. வாசல்களில் மெத்தைகளும் பள்ளிக்கூடப் புத்தகங்களும் கிடக்கின்றன. வெயில் இல்லை.

அப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே உங்கள் குசினியில் அடுப்பு வெளிச்சம் தெரியும். பஸ் நிலையத்தடியில் தேநீர்க்கடை வைத்திருந்த கிண்ணியா ஊர் நானாவுக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு வரும் வழியில் எனக்கும் பத்துத் தருவீர்கள். நான் அதை இரண்டு முறை எண்ணுவேன். என் பழக்கம் அது. நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தே வயது போனவன். நீங்கள் வாசலில் நின்று சிரிப்பீர்கள். “எண்ணிப்போட்டுச் சாப்பிடுங்கோ ஐயா. நான் ஒண்டு கூட வைச்சிருக்கிறன், கணக்குப் பிழைச்சா என்னோட சண்டைக்கு வரக்கூடாது.”

அந்த வெள்ளத்தன்று தண்ணீர் என் படியைத் தொட்டபோது நான் அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எதை எடுப்பது, எதைப் பூட்டுவது என்று தெரியவில்லை. நீங்கள் நனைந்தபடி உள்ளே வந்தீர்கள்.

“பூட்டி என்ன செய்யப் போறியள்? தண்ணி திறப்புக் கேட்டுக்கொண்டு வராது. வெளிக்கிடுங்கோ.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். என் வீடு சற்று மேட்டில். உங்கள் வீடு வடிகானோடு ஒட்டியது. எல்லோரும் ஒதுங்கிய பள்ளிக்கூடத்துக்குப் போக உங்கள் வாசலைத்தான் கடக்க வேண்டும். அங்கே தண்ணீர் என் சட்டைப் பை வரை வந்தது. பையிலிருந்த பேனா நனைந்தது. திறந்து கிடந்த கதவுக்குள்ளே காஸ் அடுப்பு சரிந்து கிடந்தது. இடியப்பத் தட்டுகள் கூட்டமாக மிதந்தன. மேசைமேல் ஏற்றி வைத்திருந்த மா மூட்டையைத் தண்ணீர் தின்றுகொண்டிருந்தது. நீங்கள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள். என் கையை விட்டிருந்தால் ஏதாவது ஒன்றைக் காப்பாற்றியிருக்கலாம். விடவில்லை.

நான்காம் நாள் எல்லோரும் வீடு திரும்பினோம். அன்றே நானா வந்து உங்கள் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. சுகாதாரப் பரிசோதகர் கடை கடையாக ஏறி இறங்குகிறார், சேறு கண்ட குசினியிலிருந்து சாப்பாடு வாங்க ஏலாது, குசினி சுத்தமானால் முந்தி மாதிரியே வாங்குவேன் என்றிருக்கிறார். இன்னொரு பெண்ணும் இடியப்பம் தருவதாகக் கேட்டிருக்கிறாள் என்பதையும் சொன்னார். நீங்கள் தென்னந்தும்பும் சவர்க்காரத் தூளும் குளோரினும் கொண்டு இரண்டு நாள் உரஞ்சினீர்கள். பிறகு எங்கிருந்தோ சுண்ணாம்பு வாங்கி வந்து பூசினீர்கள். ஒழுங்கையிலேயே வெள்ளையான சுவர் உங்களுடையதுதான்.

சுண்ணாம்பு பூசிய மறுநாள் அளவு நாடாவோடும் படிவத்தோடும் நான் வந்தேன். தொழில் இழந்தவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் கொடுக்கப் பட்டியல் எடுத்தார்கள். அளக்கத் தெரிந்தவர் என்று ஊர்ச் சங்கத்தில் என்னைப் பிடித்துவிட்டார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்து எழுத வேண்டும். முழங்காலுக்கு மேல் இருந்தால் உதவி. கண்ணால் காணாததை எழுதக்கூடாது என்று கிராம சேவகர் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

உங்கள் சுவரில் கோடு இல்லை. அலுமாரிக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தேன். கதவு நிலையையும் நீங்கள் விடாமல் தேய்த்திருந்தீர்கள்.

“என்ன ஐயா, எழுதாம நிக்கிறியள்?”

“கோட்டைக் காணேல்ல, தங்கச்சி.”

“கழுவினா எப்பிடிக் காணும்? நெஞ்சு மட்டும் நிண்டது. நீங்களும் இதுக்குள்ளாலதானே வந்தனீங்கள்.”

“ஓம். ஆனா படிவத்தில சுவரைத்தான் கேக்கினம்.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் முகத்தில் இருந்த பயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “சரி, எழுதுறதை எழுதுங்கோ” என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அடுப்பில் வைத்த, பால் விடாத பிளேன்ரீயைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். குடித்தேன். ‘அடையாளம் இல்லை’ என்று எழுதினேன்.

உங்களுக்கு அடுப்பு கிடைக்கவில்லை. சேற்றைக் கழுவாமல் விட்டிருந்த வீடுகளுக்குக் கிடைத்தது. நானா பத்து நாள் பார்த்துவிட்டு அந்த மற்றப் பெண்ணிடம் வாங்கத் தொடங்கினார். நீங்கள் மீன் சந்தைக்கு மீன் வெட்டப் போனீர்கள். அடுத்த மாரி மழையில் சந்தைக்குள் தண்ணீர் நின்றபோதும் போனீர்கள், காலில் வெட்டுக் காயத்தோடு. எலிக்காய்ச்சல் என்றார்கள். எட்டு நாள்.

செத்தவீட்டில் எவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார்கள்.

இத்தனை காலமும் பட்டியல் வேலைக்கு மறுத்துவந்தேன். இம்முறை ஒப்புக்கொண்டேன். பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். இப்போது அங்கே இருப்பவர் கிண்ணியாவிலிருந்து வந்தவர், றோல்ஸ் பொரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். காலையில் எனக்கு வந்த நெடி அவருடைய தும்பிலிருந்து வந்ததுதான். சுவர் முழுவதும் கழுவி முடிந்திருந்தது. ஏன் அவசரப்பட்டீர்கள் என்று கேட்டேன்.

“கழுவாம வெச்சா ஆரு வாங்குவாங்க, சேர்?” என்றார்.

அவர் பொரிக்கிற எண்ணெய்த் தாச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போனதை நான் யன்னலால் கண்டிருந்தேன். படிவத்தை மடியில் வைத்தேன். ‘சுவர் கழுவப்பட்டுவிட்டது. இடுப்பளவு. தண்ணீரை நான் கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கிராம சேவகர் அதை வாசித்துவிட்டு, மேலே இருந்து திருப்பி அனுப்பலாம் என்றார். அனுப்பலாம். எனக்குத் தெரியாது. இவ்வளவு இலகுவான மூன்று வரிகள் அன்று ஏன் என் கைக்கு வரவில்லை என்பதும் தெரியாது.

பேனா இப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. உங்கள் வாசலில் நனைந்தது அதுதான். காய்ந்த பிறகு நன்றாகவே எழுதியது. உங்கள் பெயருக்கு எதிரே ‘அடையாளம் இல்லை’ என்று எழுதியதும் அந்தப் பேனாதான்.